கூலிக்கு ஏறலாம், ஆசைக்கு ஏறக்கூடாதா?

திங்கட்கிழமை காலை, ஆசிரியர் அறை. என் முன்னங்கையில் தோல் உரிந்திருப்பதைப் பார்த்துவிட்டு உடன் பணிபுரியும் ஒருவர் கேட்டார்: "என்ன மேடம், வண்டியில விழுந்துட்டீங்களா?" பாறையில் சிராய்த்துக்கொண்டது என்றேன். செஞ்சிப் பக்கம் ஒரு மொட்டைப் பாறையில் தோழிகள் நான்கு பேர் கயிறு கட்டி ஏறினோம் என்றேன். அறை சற்று நேரம் அமைதியாக இருந்தது. பிறகு கேள்விகள் வந்தன. கூட ஆண்கள் யாராவது வந்தார்களா? வீட்டில் சார் ஒன்றும் சொல்லவில்லையா? இந்த வயதில் இதெல்லாம் தேவையா? கடைசிக் கேள்வியை மிகுந்த அன்போடு கேட்டார்கள்: "ஏதாவது ஒண்ணு ஆயிட்டா பசங்க கதி என்ன?"

வண்டியில் விழுந்திருந்தால் இவற்றில் ஒரு கேள்வியும் வந்திருக்காது. பல்லாவரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் இடையே ஜி.எஸ்.டி. சாலையில் பதினைந்து வருடமாக இருசக்கர வண்டி ஓட்டுகிறேன். லாரிக்கும் மாநகரப் பேருந்துக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தினமும் வகுப்புக்குப் போகிறேன். அது வேலைக்குப் போகிற வழி. அதனால் அந்த ஆபத்து யார் கண்ணிலும் படுவதில்லை.

பெண் ஆபத்தில் இருக்கும்போது இந்தச் சமூகம் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. அவள் சந்தோஷமாக இருக்கும்போதுதான் கவலைப்படத் தொடங்குகிறது. நான் சொல்ல வந்தது இதுதான். இனி வருபவை அதற்கான சாட்சியங்கள்.

எங்கள் பகுதியிலிருந்தே தொடங்குகிறேன். கிண்டி தாண்டி மின்சார ரயிலில் வருகிறவர்களுக்குப் பரங்கிமலையும் திரிசூலமும் பல்லாவரத்துக் குன்றுகளும் ஜன்னலிலேயே தெரியும். பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு ஆய்வுலகம் பெற்ற முதல் சான்று அது. இந்தக் குன்றுகளின் பாறைக்கு நிலவியலில் 'சார்னோக்கைட்' என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி ஜாப் சார்னாக்குக்குக் கல்கத்தாவில் எழுப்பிய கல்லறையின் கல் இந்த வகைப் பாறை. அதை வைத்து தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893இல் இந்தப் பெயரை இட்டார். நம் ஊர்க் கல்லுக்கு ஒரு கம்பெனி அதிகாரியின் பெயர். அதை உடைத்து ஜல்லியாக்கிய பெண்களின் பெயரில் இங்கே ஒரு கூழாங்கல்கூட இல்லை.

அந்தப் பெண்களைச் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். தலையில் சும்மாடு, அதன்மேல் ஜல்லிக் கூடை, காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. வேலமர நிழலில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டிருப்பார்கள். வெடி வைக்கப்போகிறார்கள் என்று விசில் கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். சென்னையின் தென்புறத்தில் எத்தனையோ வீடுகளின் கூரைத்தளம் இவர்கள் தலையில் ஏறி இறங்கிய ஜல்லியால் ஆனது. கல்குவாரிச் சரிவில் ஏறிய அந்தப் பெண்களிடம் "ஏதாவது ஒண்ணு ஆயிட்டா பசங்க கதி என்ன?" என்று யாராவது கேட்டார்களா? தலைக்கவசமாவது கொடுத்தார்களா?

விறகுக்காக மலையேறும் பெண்ணிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. கணவன் ஆயுளுக்கு வேண்டிக்கொண்டு படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் வைத்துக் குனிந்து குனிந்து ஏறினால் அது பக்தி, வீட்டுக்குப் பெருமை. கூலிக்கு ஏறலாம், நேர்த்திக்கடனுக்கு ஏறலாம். தனக்காக, சும்மா, ஞாயிற்றுக்கிழமை காலை தோழிகளோடு சிரித்துக்கொண்டு ஏறினால் மட்டும் அது திமிர்.

அப்படி என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். எங்களில் ஒருவர் செவிலியர், ஒருவர் வங்கி ஊழியர், ஒருவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியை. முறையாகப் பயிற்சி பெற்றவர் உடற்கல்வி ஆசிரியைதான். எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். விடிகாலை மூன்றரைக்குத் தாம்பரத்தில் பேருந்து பிடித்தால் திண்டிவனம் வழியாகப் பொழுது விடியும்போது செஞ்சி. அந்தப் பகுதியின் கருங்கல் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை கொண்டது. மேலே அழுத்திக்கொண்டிருந்த பாரம் காலப்போக்கில் அரித்துப்போனதும் பாறை விரிந்து, வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக உரிகிறது. உரிந்து உரிந்து மிஞ்சி நிற்பதுதான் மொட்டைப் பாறை.

யாரும் கயிறு போட்டு ஏறியிராத ஒரு பாறையில் புதுத் தடம் காண்பது அவசர வேலை அல்ல. முதல் இரண்டு ஞாயிறுகள் நாங்கள் ஏறவே இல்லை. அது காப்புக்காடு அல்ல என்று உறுதிசெய்துகொண்டோம். ஊரில் பெரியவர்களிடம் சொன்னோம். பாறை மடிப்புகளில் மலைத்தேனீக் கூடு இருக்கிறதா என்று தூர நின்று பார்த்தோம். மழைநீர் வழிந்த கறுப்புத் தடங்களில் பாசி காய்ந்திருக்கும், ஈரம் பட்டால் வழுக்கும், அவற்றைக் குறித்துக்கொண்டோம். சந்தையில் பானை வாங்குவதுபோல் பாறைத் தகடுகளைத் தட்டிப் பார்த்தோம். கணகணவென்று கேட்டால் உறுதி, பொத்தென்று கேட்டால் உள்ளே வெற்றிடம். மூன்றாவது ஞாயிறு இருவர் பின்பக்கச் சரிவில் மேலே நடந்துபோய், இரண்டு பெரிய பாறைகளில் தனித்தனியாகக் கயிற்றைக் கட்டிக் கீழே விட்டார்கள். ஒருத்தியின் முடிச்சை இன்னொருத்தி தொட்டுப் பார்க்காமல் யாரும் தரையை விட்டுக் காலெடுப்பதில்லை. "புடிச்சிட்டியா?" "புடிச்சிட்டேன், ஏறுடி!" இந்த இரண்டு வாக்கியமும் சொல்லாமல் ஏறுவதில்லை.

மொட்டைப் பாறையில் கைக்குப் பிடி கிடையாது. காலணியின் அடிப்பாகத்துக்கும் பாறையின் சொரசொரப்புக்கும் இடையிலான உராய்வு மட்டும்தான் நம்மைத் தாங்குகிறது. பயம் வந்ததும் உடம்பு தானாகக் குனிந்து பாறையைக் கட்டிக்கொள்ளப் பார்க்கும். அப்படிக் குனிந்தால் பாதத்தின் மீதுள்ள எடை குறையும், உராய்வு குறையும், கால் வழுக்கும். பாறையை விட்டு விலகி, முழு எடையையும் பாதத்தில் இறக்கி நிமிர்ந்து நின்றால் கால் பிடித்துக்கொள்ளும். என் சிராய்ப்பு குனிந்ததால் வந்தது. நாற்பது வருடமாகக் 'குனிந்து போ, தப்பித்துக்கொள்வாய்' என்று கேட்டுப் பழகிய உடம்பு, இரண்டு ஆள் உயரம் சரிந்தது. கயிறு இழுத்து நின்றது. மேலே இருந்தவள் "நிமிந்து நில்லுடி, நான் இருக்கேன்" என்று கத்தினாள்.

பாதுகாப்பு என்ற சொல்லுக்கு எனக்கு அங்கேதான் பொருள் விளங்கியது. எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லுக்குப் பூட்டு என்று பொருள். ஆறு மணிக்குள் வந்துவிடு, தனியாகப் போகாதே, போகவே போகாதே. பாறையில் அதற்குப் பொருள் கற்றுக்கொண்ட முடிச்சு, சரிபார்த்த கயிறு, கவனம் சிதறாத ஒரு தோழி. பூட்டுக்குப் பழகியவள் என்றாவது வெளியே வந்தால் எதுவும் தெரியாமல்தான் வருவாள். முடிச்சைக் கற்றவளால் இன்னொருத்தியையும் காப்பாற்ற முடியும்.

உடனே குரங்கணியை நினைவூட்டுவார்கள். மறக்கவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பலர் பெண்கள். அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் பல. தீப்பிடிக்கும் கோடையில் அந்தத் தடம் ஏன் திறந்திருந்தது? அனுமதி இருந்ததா? தப்பிக்கும் வழி தெரிந்த வழிகாட்டிகள் போதுமான அளவில் இருந்தார்களா? ஆனால் எங்கள் தெருவில் என் காதில் விழுந்தது "பொம்பளைங்களுக்குக் காட்டுல என்ன வேலை?" என்பதுதான். முதல் வகைக் கேள்விகள் அடுத்த உயிரைக் காப்பாற்றும். இந்தக் கேள்வி யாரையும் காப்பாற்றாது, அடுத்த தலைமுறைப் பெண்களை வீட்டுக்குள் வைப்பதற்குத்தான் உதவும். மலையேற்றத்துக்கு விதிகள் வேண்டும் என்று அந்தத் துயரத்துக்குப் பிறகு அரசுக்கும் உறைத்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 தடங்களை உள்ளூர் வழிகாட்டிகளோடு அரசு திறந்தது. ஆபத்துக்குப் பதில் பயிற்சியும் ஒழுங்கும்தான், தடை அல்ல என்பதை அரசே ஒப்புக்கொண்ட பிறகும் ஆசிரியர் அறை ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

நான் தமிழ் நடத்துகிறவள். புறநானூற்றின் 116ஆம் பாட்டை ஆண்டுதோறும் கையறுநிலை என்று சொல்லி நடத்துகிறேன். பறம்புமலை வீழ்ந்தபின் பாரி மகளிர் ஒரு சிறுவீட்டருகே குப்பைமேட்டில் ஏறி, போகும் உப்பு வண்டிகளை எண்ணுகிறார்கள். இதே பெண்கள் முன்பு தந்தையின் மலைமேல் நின்று, முற்றுகையிட்ட வேந்தர்களின் குதிரைகளை எண்ணியவர்கள் என்கிறார் கபிலர். தந்தையை இழந்த துயரம் என்று மட்டுமே இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பாறையில் ஏறத் தொடங்கிய பிறகு எனக்கு வேறொன்றும் தெரிகிறது. அவர்கள் இழந்தவற்றுள் உயரமும் ஒன்று. உயரத்தில் நின்று உலகைக் கணக்கெடுத்தவர்களுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. மலை இல்லையென்றால் குப்பைமேட்டிலாவது ஏறுகிறார்கள்.

இன்னொரு மலையும் நம் பாடத்தில் உண்டு. தமிழ் தந்த முனிவன் என்று அகத்தியனைப் பாடம் நடத்துகிறோம், அவன் மலை பொதிகை என்கிறோம். அந்தத் தொடரின் அகத்தியர்கூடம் உச்சிக்குச் செல்லும் மலையேற்றத்தில் பெண்களுக்கு வெகுகாலம் அனுமதி இல்லை. கேரள உயர் நீதிமன்றம் 2018இல் தலையிட்ட பிறகு, 2019 ஜனவரியில்தான் தன்யா சனல் அந்த உச்சியை அடைந்தார். எத்தனை பெண்கள் தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு!

2023 மே மாதம் முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் ஏறினார், தமிழ்நாட்டிலிருந்து முதல் பெண். என் மாணவிகளுக்கு அவர் பெயரைச் சொல்லாத ஆண்டு இல்லை. ஆனால் அந்தச் சாதனையைக் கொண்டாடியவர்களைக் கவனித்தேன். இரண்டு பிள்ளைகளின் தாய், தமிழ்நாட்டின் பெருமை என்றார்கள். தாய்மையும் பெருமையும் கூட வந்தால் ஏறலாம் போலிருக்கிறது. எவரெஸ்ட் ஏறுகிறவளுக்கு மாலை, நூறடிப் பாறை ஏறுகிறவளுக்கு விசாரணை. எங்களுக்குப் பதக்கம் வேண்டாம். பெருமை தேடித்தர வேண்டிய கட்டாயமும் வேண்டாம். விளக்கம் சொல்லத் தேவையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைக்கிறது என்பதை மறைக்கமாட்டேன். மாதச் சம்பளமும் படித்த வீடும் வாங்கிக்கொடுத்த உரிமை அது. பாறையடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"ஏம்மா, மேல கோயிலு எதுனா இருக்குதா?"

"இல்லம்மா."

"இதுக்குச் சம்பளம் தர்றாங்களா?"

"அதுவும் இல்ல. சும்மாதான் ஏறுறோம்."

அவர் சிரித்தார். நாங்கள் 'புதுத் தடம்' என்று குறித்து வைத்திருந்த கோட்டின் பாதியைக் கையால் காட்டினார். "அதுவரைக்கும் எங்க ஆடு போற வழிதான். சின்னதுல நானும் போவேன், மேல வரைக்கும். ஆளானப்புறம் வுடல."

புதுத் தடத்துக்கு முதலில் ஏறியவர்கள் பெயர் வைப்பது இந்த விளையாட்டின் வழக்கம். நாங்கள் ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தோம். அதைச் சொல்ல வாய் வரவில்லை. முதலில் ஏறியவர் கீழே கோலோடு நின்றுகொண்டிருந்தார். அவரை இறக்கியது பாறை அல்ல, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் வந்த ஒரு 'வேண்டாம்'.

மாணவிகளே, உங்களுக்கும் அந்த வயதில் ஏதோ ஒன்று நின்றிருக்கும். சைக்கிள், மாமரம், கிணற்று நீச்சல், மொட்டைமாடி. நிறுத்தியவர்கள் உங்கள் மேல் உள்ள அக்கறை என்றுதான் சொல்லியிருப்பார்கள். அக்கறை உண்மையென்றால் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். கல்லூரியில் கயிறு கேளுங்கள், பயிற்சி பெற்ற ஆசிரியை கேளுங்கள். உடற்கல்வி நேரத்தைப் பாடம் முடிக்க எடுத்துக்கொள்ளும் என்னைப் போன்றவர்களிடம் சண்டை போடுங்கள். "மேலே என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள்.

"நீங்களும் ஏறுறீங்களாம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டோம். பாறையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "ஆட்டை யாரு பாத்துக்குவாங்க?" என்றார். சரியான கேள்வி. ஆசிரியர் அறையில் கேட்டவற்றைவிட எவ்வளவோ நேர்மையான கேள்வி. ஒரு பெண்ணின் ஓய்வுநேரம் என்பது அவள் வேலையை அந்த நேரம் யார் செய்வது என்பதில்தான் இருக்கிறது. அடுத்த ஞாயிறு போகிறோம். ஹெல்மெட் ஒன்று கூடுதலாக வாங்கியிருக்கிறோம். அவர் ஏறுகிற நேரம் ஆடுகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.