சஞ்சீவி மலையும் இலவசப் பாடமும்



திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறும் பாதையிலே 18 கொண்டை ஊசி வளைவுகள். நகரத்து வெயில் வளைவுக்கு வளைவு விலகி நிற்கும். மேலே போகப் போகக் குளிர் வந்து தோளைத் தொடும். காப்பி மணக்கும், மிளகு படரும், பலா தொங்கும். புவிசார் குறியீடு பெற்ற மலைவாழை, தார் தாராகக் குதிரை முதுகிலே ஏறி, வண்டி நுழையாத தோட்டங்களை விட்டு வெளியே வரும். அந்த மலையிலே விளைந்தது சந்தைக்கு இறங்குவதற்கு வழி உண்டு. அந்த மலையிலே பிறந்த பிள்ளை மருத்துவக் கல்லூரிக்கு இறங்குவதற்கு?

புராணிகரைக் கேட்டால் சிறுமலையைப் பற்றிச் சுவையான கதை சொல்வார். சஞ்சீவி மலையை அனுமன் தூக்கிச் சென்றபோது சிதறி விழுந்த துண்டாம் இது. நான் அதை நம்புகிறவனல்லன். நம்புகிறவரோடு இன்று வழக்காடப் போவதும் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். மாண்டவரை எழுப்பும் மருந்து முளைத்த மலை என்கிறீர்களே, அந்த மருந்து மலையின் மகள் மருந்து எழுதித் தரும் மருத்துவராக எத்தனை வளைவுகளைத் தாண்டவேண்டும்? 18 போதுமா?

கீழே கல்லூரி இருக்கிறது. 2022ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் தமிழகத்தில் ஒரே நேரத்தில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல் கல்லூரியும் ஒன்று. ஆண்டுக்கு 150 இடங்கள். மலையூர்ப் பேருந்து இறங்கும் நகரத்திலேயே கல்லூரி! தொலைவு குறைந்துவிட்டது என்றுதான் எவரும் நினைப்பர். மண்ணிலே தொலைவு குறைந்தது. மதிப்பெண்ணிலே கூடியது.

"அதற்குத்தான் வழி செய்துவிட்டோமே! பாடமெல்லாம் இணையத்திலே இலவசம். படிப்பவன் படிக்கலாம், முடியாதவன் தேர்வைக் குறை சொல்லலாம்" என்று பேசுவோர் நாட்டிலே பெருகியிருக்கின்றனர். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. பாதி உண்மைக்குத்தான் முழுப் பொய்யை விட விடை சொல்ல நேரம் பிடிக்கிறது.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம். ஒன்றிய அரசின் கல்வி அமைச்சகம் கான்பூர் ஐ.ஐ.டி.யைக் கொண்டு 2023இல் தொடங்கிய 'சாத்தீ' தளத்தில், நீட் தேர்வுக்கான பாடங்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை 2020 மே திங்களிலேயே மாதிரித் தேர்வுகளுக்கென ஒரு செயலியை வெளியிட்டது. முந்திய ஆண்டுகளின் வினாத்தாள்கள் இணையத்தில் இருக்கின்றன. என்.சி.இ.ஆர்.டி. நூல்களை எவரும் இறக்கிக்கொள்ளலாம். நம் தமிழ்நாட்டுப் பாடநூல்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இறக்கிக்கொள்ளலாம். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் இருக்கின்றன. ஒரு காலத்தில் கோட்டா நகரத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டு போனவன் மட்டும் கேட்ட விரிவுரையை இன்று கோம்பையிலிருப்பவனும் கேட்கலாம். இதை இகழ்வது அறிவுடைமையாகாது. புத்தகமே கிட்டாத தலைமுறையிலிருந்து வந்தவர்கள் நாம்.

இனி மற்றப் பாதி. நாடகக்காரன் அல்லவா நான், அதைக் காட்சியாகவே காட்டுகிறேன்; கற்பனைதான், கண்ணை மூடிப் பார்.

மலைச்சரிவு. மாலை. உயர்ந்த பாறையொன்றின் மேல் ஒரு பெண். கையிலே தந்தையின் கைப்பேசி. வீட்டிலே அலை எட்டாது. இந்தப் பாறைமேல் நின்றால் எட்டும். கீழே குதிரையின் கழுத்து மணி ஒலிக்கிறது. தந்தை வருகிறார்.

"போதும் தாயி, பேசியைக் கொடு. நாளைக்குத் தார் என்ன விலை போகுமென்று கேட்கவேண்டும்."

"ஒரு நிமிடம் அப்பா. இதயத்திலே இன்னும் ஓர் அறை பாக்கி."

"இதயத்துக்கு எத்தனை அறை?"

"நான்கு அப்பா."

"அடேயப்பா! நம் வீட்டுக்கே ஒன்றுதானே!"

மகள் சிரிக்கிறாள். சிரித்தவள் திரையைப் பார்க்கிறாள். நடுவிலே ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"என்ன தாயி அது?"

"பாடம் அப்பா. வந்துகொண்டிருக்கிறது."

இருட்டிவிட்டது. குதிரை வீட்டுக்குத் திரும்பத் துடிக்கிறது. பாடம் வந்துகொண்டே இருக்கிறது.

பாடத்துக்கு விலையில்லை, ஒப்புக்கொண்டோம். கைப்பேசிக்கு? அலைக்கோபுரம் இல்லாத சரிவுக்கு? தந்தைக்கும் மகளுக்கும் ஒரே கருவி என்னும் வறுமைக்கு? தோட்டத்துக்குப் போகாமல் அவள் உட்கார்ந்து படிக்கும் ஒவ்வொரு நாளின் கூலிக்கு? கூலியின் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், தோழா, ஏனெனில் இலவசம் பேசுவோர் அதைத் தொடுவதேயில்லை.

நீதியரசர் ஏ.கே.ராசன் தலைமையில் 2021 சூனில் தமிழக அரசு அமைத்த குழு, அடுத்த திங்களே அறிக்கை தந்தது. நீட் வருமுன், 2016-17இல், மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் மறுமுறை முயன்று வந்தவர் 12.47 விழுக்காடு. 2020-21இல் அது 71.42 விழுக்காடு! பொருள் என்ன? பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஓராண்டு, ஈராண்டு வீட்டிலிருந்து இதற்கெனவே படிப்பவர்களுக்கே பெரும்பாலான இடங்கள். வேலைக்குப் போகாமல் இரண்டாண்டு உட்காரும் வசதியை எந்தத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்வது? அதற்கு இலவசச் செயலி உண்டா? கூலி வீட்டுப் பெண்ணுக்கு அந்த ஈராண்டு என்பது வருமானம் போன ஈராண்டு. "இனி எதற்குப் படிப்பு, வரன் பார்க்கலாம்" என்று உறவினர் வந்து திண்ணையில் உட்காரும் ஈராண்டு.

மொழியைப் பார். 2016-17இல் தமிழ்வழியில் படித்து மருத்துவம் சேர்ந்தவர் ஏறத்தாழ 15 விழுக்காடு. 2020-21இல் ஏறத்தாழ 2 விழுக்காடு என்கிறது அதே அறிக்கை. தமிழிலே வினாத்தாள் இல்லையா? இருக்கிறது. ஆனால் மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கிலமே இறுதி என்பது தேர்வின் விதி. விதி எப்படி வேலை செய்யும் என்பதை 2018இலேயே கண்டோம். 49 வினாக்களின் தமிழாக்கம் பிழை. சிறுத்தை என்று எழுதத் தெரியாமல் 'சீத்தா' என்று எழுதியவர்கள் நம் பிள்ளைகளின் உயிரியல் அறிவை அளந்தார்கள்! தோழர் டி.கே.ரெங்கராசன் தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வினாவுக்கு நான்காக 196 மதிப்பெண் தரச் சொன்னது. உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. பிழை செய்தவர் பிழைத்துக்கொண்டார்; படித்தவன் பட்டான். இலவசப் பாடங்களிலும் இதே நிலைதான். ஆங்கிலத்திலும் இந்தியிலும் அருவியாகக் கொட்டுகிறது, தமிழிலே சொட்டுகிறது. என்.சி.இ.ஆர்.டி. நூல் தமிழிலே இல்லை.

வாயிற்காவல் நமக்குப் புதிதன்று. மருத்துவம் படிக்க வடமொழி தெரிந்திருக்கவேண்டும் என்றிருந்ததைப் பனகல் அரசர் நீக்கிய செய்தியை நம் மேடைகளிலே தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருக்கிறாய். 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கு: மருத்துவக் கல்லூரி இடம் மறுக்கப்பட்டதென்று நீதிமன்றம் ஏறி வகுப்புவாரி ஆணையையே வீழ்த்தினார், அவர் விண்ணப்பமே போடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த அநீதிக்கு எதிராகத் தமிழகம் கொதித்ததால் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. 1984இல் வந்த மாநில நுழைவுத் தேர்வைக் கலைஞர் ஆட்சி 2007இல் சட்டத்தால் ஒழித்தது. பத்தாண்டுக் காலம் சிற்றூர்ப் பிள்ளை பள்ளி மதிப்பெண்ணோடு கல்லூரிக்குள் நடந்தான். 2017இல் மறுபடியும் கதவு.

கதவைத் தட்டியதற்குக் குறைவில்லை. 2017இல் இரண்டு சட்டமுன்வடிவுகள். ஒப்புதல் மறுக்கப்பட்ட செய்தியே 2019இல் நீதிமன்றத்தின் வாயிலாகத்தான் நமக்கு எட்டியது. 2021 செப்டம்பர் 13இல் இன்னொன்று, ஆளுநர் திருப்பினார், 2022 பிப்ரவரி 8இல் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றிற்று, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இல்லை என்பது 2025 ஏப்ரலில் அவையிலே அறிவிக்கப்பட்டது. மக்கள் மன்றம் சொன்னதை மாளிகைகள் கேட்கவில்லை. போராட்டம் ஓயக்கூடாது, அதிலே எனக்கு ஐயம் அணுவளவும் இல்லை.

ஆனால், தோழா, நம் வீட்டுக்குள் பேசவேண்டிய பேச்சு ஒன்றிருக்கிறது.

அண்மையில் ஒரு கூட்டம் முடிந்ததும் இளந்தோழர் ஒருவர் என்னிடம் சினந்தார். "நீட்டை எதிர்க்கிற நாமே நீட்டுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதா? அது சரணாகதி அல்லவா?" என்றார். அவர் முகத்திலே தூய்மை இருந்தது. ஆகவே சிரிக்காமல் விடை சொன்னேன். சுங்கச்சாவடி கூடாது என்று மறியல் செய்கிறோம். அதற்காக நோயாளியை ஏற்றிவரும் வண்டியைச் சாவடிக்கு முன்னே நிறுத்தி, "வெற்றி கிட்டும்வரை பொறு" என்போமா? இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு இந்த ஆண்டு மட்டுமே பன்னிரண்டாம் வகுப்பு. தேர்வு நாளை ஒழியும் என்று நாம் முழங்கியதை நம்பி, புத்தகத்தைத் தள்ளி வைத்த பிள்ளைகளும் உண்டு. அந்தக் கடனை எந்தக் கணக்கிலே எழுதுவது?

அரியலூர் அனிதாவை நினைக்கிறேன். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். 1200க்கு 1176. உச்சநீதிமன்றம் வரை சென்று நின்றவள். 2017 செப்டம்பர் 1ஆம் நாள் அவளை இழந்தோம். மேடையிலே அவள் பெயரைச் சொல்லிக் கையொலி வாங்கியவர்களிலே நானும் ஒருவன். கூட்டம் கலைந்த பிறகு, அந்த ஊரிலே அடுத்த ஆண்டு தேர்வெழுதவிருந்த பிள்ளை யார், அவளிடம் என்ன புத்தகம் இருக்கிறது என்று கேட்காமலே மகிழுந்து ஏறியவனும் நான்தான்.

2020இல் வந்த 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு நமக்குக் கற்பித்தது என்ன? அதற்கு முந்திய ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் நுழைந்த அரசுப் பள்ளி மாணவரை விரல்விட்டு எண்ணலாம். ஒதுக்கீடு வந்த முதலாண்டே ஏறத்தாழ 400 பேர்! கொண்டுவந்தது எவர் ஆட்சி என்று பார்த்து நன்மையைக் குறைத்துச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. அந்த 400 பேருக்கும் மூளை ஓராண்டிலே முளைத்துவிடவில்லை. கதவு ஒரு விரற்கடை திறந்தது; நுழைந்துவிட்டார்கள். ஆனால் அந்த இடத்துக்கும் நீட்டிலே தேர்ச்சி பெற்றாகவேண்டும். ஆகவே மலையூர்ப் பெண்ணுக்கு இன்று வேண்டியது அந்த விரற்கடைக்குள் கை நுழைக்க ஒரு துணை.

அந்தத் துணையைத்தான் இணையம் தருவதில்லை. தேர்வு 180 வினா, 720 மதிப்பெண். உயிரியலுக்கு மட்டுமே 360. 2025 முதல் நேரம் 180 நிமிடம், வினாவுக்கு ஒன்று. சரிக்கு நான்கு, தவறுக்கு ஒன்று பறிபோகும். எதை எழுதுவது என்பதோடு எதை எழுதாமல் விடுவது என்பதும் அங்கே ஒரு கல்வி. காணொளி பாடம் சொல்லும், "எங்கே தடுமாறினாய்?" என்று கேட்காது. மாதிரித் தேர்வு மதிப்பெண் காட்டும். அழுகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காது. இலட்சக்கணக்கில் வாங்கும் பயிற்சி நிலையம் விற்பது பாடத்தை அன்று. திருத்துகிற கண்ணையும், தள்ளுகிற கையையும், கூடவே படிக்கிற கூட்டத்தையும்தான்.

அது நம்மிடம் இல்லையா? எழுத்தறியாத உழவனுக்கு நாளேட்டை உரக்கப் படித்துக் காட்டியது எது? நம் படிப்பகம்! தேநீர்க்கடை ஓரத்திலே, ஓலைக் கொட்டகையிலே, ஒரு பெஞ்சும் ஒரு விளக்கும் வைத்துக்கொண்டு ஒரு நாட்டையே படிக்க வைத்த இயக்கம் இது. கல்லூரியைப் பாதியில் விட்ட என்னைப் பேச்சாளன் ஆக்கியது எங்கள் ஊர்ப் படிப்பகம்தான். இன்று பல ஊர்களில் அந்தப் படிப்பகம் எப்படி இருக்கிறது? பலகை இருக்கிறது, படம் இருக்கிறது, கதவிலே பூட்டும் இருக்கிறது. பூட்டுக்குப் பேர்போனது திண்டுக்கல் என்பதற்காகப் படிப்பகத்தையுமா பூட்டி வைப்பது?

வேண்டியது பெரிதன்று. ஓர் இணைய இணைப்பு. மூன்று பழைய கணினி. தாளிலே அச்சிட்ட பத்தாண்டு வினாத்தாள்கள். தேர்வு தாளிலேதான் நடக்கிறது, திரையிலே அன்று. பாடங்களை இரவிலே இறக்கி வட்டிலே பதிந்து வைத்தால், அலை எட்டாத ஊருக்கு அதைத் தூக்கிச் செல்லலாம். வாழைத்தார் இறக்கிய குதிரை வெறும் முதுகோடுதான் மேலே திரும்புகிறது. 7.5 விழுக்காட்டிலே இடம்பெற்று இன்று மருத்துவம் பயிலும் பிள்ளைகள் மாவட்டந்தோறும் இருக்கிறார்கள். விடுமுறையிலே அழைத்து உட்கார வை. நான் பேசினால் அந்தப் பெண் கை தட்டுவாள். அவர்கள் பேசினால் குறிப்பு எடுப்பாள்.

ஒன்று மறவாதே. நம் படிப்பகங்கள் மாலை ஆறு மணிக்கு மேல்தான் திறக்கும். நமக்கு அது வசதி. மலைக்குத் திரும்பும் பேருந்தை அவள் இருட்டுமுன் பிடிக்கவேண்டும். வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே திற. சாவியை வைத்திருக்கும் கிளைச் செயலாளர் ஊரில் இல்லையென்றால், இன்றைக்கே போய் வாங்கி வை.