புலவரும் பிழைப்பும்

கவிஞர் என்றால் வேறு எந்தக் காரியத்துக்கும் உதவாதவர் என்றோர் எண்ணம் நம்மவர்களிடையே நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது. கலியாணப் பேச்சு நடக்கும் இடத்தில், "மாப்பிள்ளை கவிதை எழுதுவார்" என்று யாராவது சொல்லிவிட்டால், "அது இருக்கட்டும், ஜீவனத்துக்கு என்ன செய்கிறார்?" என்ற கேள்வி உடனே எழும். கேள்வி நியாயமானதுதான். அதில் ஒளிந்திருக்கும் ஏளனத்தைத்தான் மதுரைச் சீமை ஒப்புக்கொள்வதில்லை.

சங்க நூல்களில் வரும் மதுரைப் புலவர்களின் பெயர்களைச் சற்றுக் கவனியுங்கள். அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானியம் விற்றவர். கணக்காயனார் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். பெருங்கொல்லன் என்ற புலவருடைய தொழிலைச் சொல்லவே வேண்டாம். இவர்கள் பிழைப்பை மறைத்துக்கொண்டு பாடியவர்கள் அல்லர்; தொழிலின் பெயர் அவர்கள் பெயருக்கு முன்னால் பட்டம்போல் நின்று இன்றளவும் விளங்குகிறது.

இந்த மரபு பிற்காலத்திலும் அறுபடவில்லை. மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் ரயில், சமயநல்லூரைக் கடந்து சோழவந்தானை அடைகிறது. அவ்வூரில் பிறந்த பெரும் புலவர் அரசஞ் சண்முகனார், மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தார். 1904-ஆம் ஆண்டில் அவர் விடுமுறையில் சென்றபோது, அந்த இடத்தில் சில மாதங்கள் தற்காலிகமாக வேலை பார்த்தவர் யார் தெரியுமா? சுப்பிரமணிய பாரதியார்! மதுரையில் நடந்துவந்த 'விவேகபாநு' பத்திரிகையில் அவருடைய கவிதை அச்சேறியதும் அதே ஆண்டில்தான். வகுப்பில் இலக்கணம் சொல்லிக் கொடுத்த அந்த இளைஞர் பிற்பாடு தேசத்தையே பாட வைப்பார் என்று அப்பொழுது யார் கண்டார்கள்?

நம் காலத்துக்கு வருவோம். 1949-இல் தொடங்கிய மதுரைத் தியாகராசர் கல்லூரி, புதுக்கவிதைக்கு ஒரு நாற்றங்கால் ஆயிற்று. அங்கே பயின்றவர்கள் ஒருவரைப்போல் ஒருவர் இல்லை என்பதே நமக்கு வியப்பளிக்கிறது. 1937-இல் மதுரையில் பிறந்த அப்துல் ரகுமான், வாணியம்பாடிக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக வாழ்ந்தவர். ஜப்பானிய ஹைக்கூவையும் உருது கஸலையும் தமிழுக்கு உறவாக்கினார். 'ஆலாபனை' என்ற நூலுக்காக 1999-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். போடிப் பக்கத்திலிருந்து வந்த நா. காமராசன், 1965-ஆம் ஆண்டு மொழிப் போராட்டத்தில் மாணவராகச் சிறை சென்றவர். 1971-இல் வெளிவந்த 'கறுப்பு மலர்கள்' என்ற தொகுதியில், சமூகம் முகம் திருப்பிக்கொண்ட மனிதர்களுக்காகப் பேசினார். இவ்விருவரும் 2017-இல் மறைந்தார்கள். கீழக்கரையில் பிறந்த இன்குலாப், ஏழை எளியவர்களுக்காகவே எழுதி 2016-இல் மறைந்தவர். மறுவருஷம் அவருக்கு அகாதெமி விருது அறிவிக்கப்பட்டபோது, அதை ஏற்பது அவர் வாழ்ந்த வாழ்வுக்குப் பொருந்தாது என்று குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள். பணமும் புகழும் வாசலுக்கே வந்தபோது வேண்டாமென்ற அந்தக் குடும்பத்தின் திண்மையை, அவர் கருத்துகளோடு உடன்படாதவர்களும் மதிக்க வேண்டும்.

கல்லூரி வாத்தியார்கள் மட்டுமே கவிஞர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மீனாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்த கடைத்தெருவில் பாத்திரக் கடை நடத்தியவர் ந. ஜயபாஸ்கரன். அவருடைய தொகுதி ஒன்றின் பெயர் 'சிறுவெளி வியாபாரியின் ஒருவழிப் பயணம்'. தம்மை வியாபாரி என்று தலைப்பிலேயே சொல்லிக்கொண்ட இவரை, இளவேட்டனாரும் சாத்தனாரும் தங்கள் அங்காடித் தோழராக ஏற்றுக்கொள்வார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆண்களுக்குத் தொழில் இடைஞ்சலென்றால், பெண்களுக்கு வீட்டுச் சுவரே இடைஞ்சல். மதுரையிலிருந்து திருச்சி செல்லும் சாலையில் உள்ள துவரங்குறிச்சியில் 1968-இல் பிறந்த சல்மா, பருவமெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். கலியாணமான பிறகும் புனைபெயருக்குள் மறைந்துகொண்டு, வீட்டார் அறியாமல் எழுதினார். முதல் தொகுதி 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வெளியே தலைகாட்டக் கூடாதென்று அடைத்து வைக்கப்பட்டவர், பின்னர் ஊர் மக்களின் வாக்குப் பெற்றுப் பேரூராட்சித் தலைவரானார். எத்தனை வீடுகளில் எத்தனை நோட்டுப் புத்தகங்கள் அரிசிப் பானைக்கு அடியில் கிடந்து மக்கிப் போயினவோ!

நோட்டுப் புத்தகமே இல்லாத கவிதையும் உண்டு. சமயநல்லூருக்கு அண்டை ஊரான பரவை, முனியம்மாளின் பாட்டால் பேர்பெற்றது. ஊர்த் திருவிழாக்களில் நெடுங்காலம் பாடிய அந்த அம்மையாரைத் தமிழ்நாடு முழுவதும் அறிந்தது 2003-இல், திரைப்படம் வாயிலாகத்தான். 2020-இல் அவர் காலமானார். இத்தகைய நாட்டுப் பாடல்களை இயற்றியவர் யாரென்று கேட்டால் விடை கிடைக்காது. நாற்று நட்டவர்களும் தொட்டில் ஆட்டியவர்களும் கட்டிய கவிதைகள் அவை. பாடும் வாய் ஓய்ந்தால் பாட்டும் ஓய்ந்துவிடும்.

ஆகவே, கவிஞர் எப்படிப் பிழைக்கிறார் என்று நாம் கவலைப்பட வேண்டியதில்லை. கடை வைத்தோ, பாடம் சொல்லியோ, களை பறித்தோ அவர் பிழைத்துக்கொள்வார். கவிதை எப்படிப் பிழைக்கும் என்பதே கேள்வி. சிவகங்கையில் கல்லூரி ஆசிரியராயிருந்த கவிஞர் மீரா, 'அன்னம்' என்ற பதிப்பகத்தைத் தொடங்கிப் பிற கவிஞர்களின் நூல்களை அச்சிட்டு அதற்கு ஒரு விடை சொன்னார். மறு பாதி விடையைச் சொல்ல வேண்டியவர்கள் வாசகர்கள்.

தீபாவளிக்குத் துணியெடுக்கப் போகும்போது, உயிரோடிருக்கும் ஒரு கவிஞரின் புத்தகத்தையும் வாங்கி வாருங்கள். வீட்டில் பாட்டியிருந்தால், அவருக்குத் தெரிந்த தாலாட்டை இன்றிரவே குழந்தைகளைக் கொண்டு எழுதி வாங்குங்கள். மறைந்த பின் எழுப்பும் சிலையைக் காட்டிலும், வாழும்போது கிடைக்கும் வாசகர் ஒருவரே எந்தக் கவிஞருக்கும் பெரிய பரிசு.