ஐப்பசிக்கு முன் அரிசி

2015-ம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ந் தேதியைச் சென்னைவாசிகளுக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரை புரண்டது. விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. 1878-ல் தோன்றிய 'ஹிந்து' பத்திரிகையே மறுநாள் சென்னையில் அச்சாகி வெளிவர முடியவில்லை. பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நமக்கு அது ஒன்றே வெள்ளத்தின் அளவைக் காட்டப் போதுமானதாயிருந்தது. பால் பாக்கெட் நூறு ரூபாய் வரை விலை போயிற்று. அந்த நாட்களில் பங்களாவிலும் குடிசையிலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "வீட்டில் அரிசி எவ்வளவு இருக்கிறது?"

நமது வீட்டில் அரிசி இருந்தது. ஆனால் மூட்டையைத் தரையில் வைத்திருந்தோம். தண்ணீர் உள்ளே புகுந்த இரவில் அது பூராவும் நனைந்து, மறுநாளே புளிப்பு வாடை வீசத் தொடங்கியது. அரிசியை வாங்கத் தெரிந்த நமக்கு வைக்கத் தெரியவில்லை. சட்டம் படித்த நாம் நமது பாட்டியிடம் கேட்டிருந்தால் பரணைக் காட்டியிருப்பாள்.

2020 மார்ச் 24-ந் தேதி இரவு 8 மணிக்குப் பிரதம மந்திரி பேசினார். நள்ளிரவு முதல் 21 நாள் தேசம் முழுவதும் அடைப்பு என்றார். இடையில் இருந்தது நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரத்தில் மளிகைக் கடை வாசல்களில் நடந்ததை நேயர்கள் கண்ணால் கண்டிருப்பார்கள். கையில் பணமிருந்தவர் இரண்டு மாதத்துக்கு அள்ளிக்கொண்டு போனார். மறுநாள் கூலியை எதிர்பார்த்திருந்தவர் வெறும் பையுடன் திரும்பினார். 2023 டிசம்பர் 4-ந் தேதி மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் முடிச்சூரிலும் அதே காட்சியை மறுபடியும் கண்டோம்.

கொரோனா சொல்லிக்கொண்டு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்வோம். மழையும் அப்படித்தானா? வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கிக் கார்த்திகையில் வலுப்பது நமது தாத்தாவுக்கும் தெரியும். வருஷந்தோறும் வருகிற விருந்தாளியைப் பார்த்து வருஷந்தோறும் திகைத்து நிற்கிறோம்!

முன்னோர் இவ்விதம் நிற்கவில்லை. வசதியுள்ள வீட்டில் பத்தாயம் இருந்தது. சிறு குடியானவன் வீட்டில் மண் குதிர் இருந்தது. தஞ்சை ஜில்லாவில் பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில், நாயக்க மன்னர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. மூவாயிரம் கலம் கொள்ளும் என்பார்கள். நெல்லாகவே வைப்பார்கள், உமி இருக்கும் வரை வண்டுக்கு உள்ளே எளிதில் வழி கிடையாது. துவரைக்குச் செம்மண் கட்டினார்கள். மாசி, பங்குனியில் புதுப் புளி வாங்கிக் கொட்டை நீக்கி, உப்பிட்டுப் பானையில் அடைத்தார்கள். சித்திரை வெயில் மிளகாய்க்கும், வடகத்துக்கும், வற்றலுக்கும், கடற்கரைப் பக்கம் கருவாட்டுக்கும் உரியதாயிருந்தது. எது எந்த மாதத்தில் மலிவோ அந்த மாதத்தில் வாங்குவது என்பதே இந்த ஏற்பாடு முழுவதற்கும் அடிப்படை.

இந்த இடத்தில் நமது நண்பர்கள் சிலர் குறுக்கிட்டு, "வீட்டில் சேர்த்து வைப்பது பதுக்கல் ஆகாதா?" என்று கேட்கிறார்கள். தேச சேவையில் ஈடுபட்டவர்களுக்கு இந்தச் சந்தேகம் எழுவது நியாயமே. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாகிப் பர்மா அரிசி நின்றுபோனதும், மறு வருஷம் வங்காளத்தில் நடந்த கோரமும் மறக்கக்கூடியவை அல்ல. அந்தப் பஞ்சத்தை விசாரித்த உட்ஹெட் கமிஷனே 15 லக்ஷம் பேர் மாண்டதாகக் கணக்கிட்டது. பின்வந்தவர்கள் 30 லக்ஷம் வரை சொல்லுகிறார்கள். அங்கே தானியம் அடியோடு இல்லாமற் போய்விடவில்லை, ஏழையின் கைக்கு எட்டாத விலைக்கு ஏறிப்போயிற்று என்பதை அமர்த்தியா ஸென் 1981-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் விளக்கியிருக்கிறார். விலை ஏறும் என்று தெரிந்து வாங்கிப் பூட்டியவர்களுக்கும் அந்த ஏற்றத்தில் பங்கு உண்டு.

ஆனால் பதுக்கலையும் சேமிப்பையும் பிரித்தறிவது கஷ்டமல்ல. எப்போது வாங்கினாய் என்று கேட்டால் போதும். பற்றாக்குறை வந்தபின் வாங்குகிறவன் அண்டை வீட்டுக்காரன் சோற்றை எடுக்கிறான். அறுவடையில் சம்பா நெல் குவிந்து, விலை கேட்பாரின்றிக் குடியானவன் தவிக்கும்போது வாங்குகிறவன் குடியானவனுக்கும் உதவுகிறான். நெருக்கடி நாளில் கடை வாசலில் ஓர் ஆள் கூட்டத்தையும் குறைக்கிறான். சட்டத்தின் நோக்கமும் இதுவே. 2023 ஜூன் மாதத்தில் துவரைக்கும் உளுந்துக்கும் மத்திய சர்க்கார் இருப்பு வரம்பு விதித்தபோது, அது வியாபாரிகளையும் ஆலைக்காரர்களையும் இறக்குமதி செய்வோரையும் கட்டுப்படுத்தியதேயன்றி, அடுப்பங்கரை டப்பாவை எட்டிப் பார்க்கவில்லை.

வீட்டில் அரிசி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி வேண்டுமானால், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களைத் தாக்கிய மழையைப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. சுமார் 800 பிரயாணிகள். சுற்றிலும் வெள்ளம், சர்க்கார் உதவி உடனே வந்து சேர வழியில்லை. பக்கத்திலுள்ள புதுக்குடி கிராமத்தார் தங்கள் வீட்டு அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து சமைத்துப் போட்டார்கள். அவர்களும் வெள்ளத்தில் அகப்பட்டவர்களே. அந்தக் கிராமத்தில் அன்றாடம் கால் கிலோ வாங்கிச் சமைக்கிறவர்கள் மட்டுமே இருந்திருந்தால் பிரயாணிகளின் கதி என்ன?

அன்றாடம் கால் கிலோ வாங்குகிறவர் விளையாட்டாக அப்படி வாங்கவில்லை. அவர் கைக்கு வருவது அன்றாடக் கூலி. இங்கேதான் நமது பொருளாதாரத்தின் ஓர் அநியாயம் ஒளிந்திருக்கிறது. மூட்டையாக வாங்குகிறவருக்கு விலை குறைவு. பொட்டலமாக வாங்குகிறவருக்கு விலை அதிகம். பணக்காரனுக்கு மலிவாகவும் ஏழைக்குக் கிராக்கியாகவும் விற்கப்படுவது அதே அரிசிதான். இது போதாதென்று சர்க்காரும் 2022 ஜூலை 18-ந் தேதி தன் பங்கைச் சேர்த்தது. முன்கூட்டியே கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகள் 25 கிலோ வரை இருந்தால் நூற்றுக்கு ஐந்து வரி. அதற்கு மேற்பட்டால் வரி இல்லை என்று விதி செய்தார்கள். உடனே ஆலைகள் 26 கிலோ மூட்டை கட்டத் தொடங்கின. ஒரு கிலோவைக் கூட்டி வரியைக் கழித்துவிட்டார்கள். மூட்டை வாங்கச் சக்தியுள்ளவர் தப்பினார். ஐந்து கிலோப் பை வாங்குகிறவர் மாட்டிக்கொண்டார். தராசில் அளந்து வாங்கும் சில்லறை அரிசிக்கு வரி இல்லை என்பது உண்மையே. ஆனால் அங்கே சில்லறை விலை இருக்கிறதே!

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வேண்டும்? நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி, 14 நாள் என்று போட்டால் 22 கிலோவும் சொச்சமும் வருகிறது. ஆகவே ஒரு 26 கிலோ மூட்டை இரண்டு வாரத்துக்குத் தாராளம். பருப்பு நான்கு கிலோ, எண்ணெய் இரண்டு லிட்டர், உப்பு, புளி, மிளகாய். விறகும் காஸும் கிடைக்காத இரண்டு நாளைக்கு அவலும் பொரியும் வெல்லமும் பொட்டுக்கடலையும். இவற்றுக்கு அடுப்பே வேண்டாம். குழந்தை உள்ள வீட்டில் சத்துமாவு. குடிக்கும் தண்ணீரைப் பற்றித் தனியே எழுத வேண்டும். மழைக்கு முதல் நாள் குடங்களை நிரப்பி மூடி வையுங்கள் என்பதோடு இங்கே நிறுத்துகிறோம். பச்சரிசியை விடப் புழுங்கலரிசி அதிக நாள் தாங்கும். தகர டிரம்மில், ஈரக் கை படாமல், பரணிலோ மேசை மேலோ வைக்க வேண்டும். தரையில் வைத்தவன் கதையை மேலே சொல்லிவிட்டோம். பழையதை முதலில் எடுத்துச் சமைத்து, புதியதை அடியில் போட்டுவந்தால் ஒரு படி கூட வீணாகாது.

இதற்குப் பணம் எங்கே? ரேஷன் கடையில் அரிசிக் கார்டுக்காரர்களுக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். பாமாயில் லிட்டர் 25 ரூபாய். மாதம் கொஞ்சம் ஒதுக்கினால் இதிலிருந்தே அஸ்திவாரம் போட்டுவிடலாம். ஆனால் வாசலில் மலிவு விலைக்கு வரும் கள்ள ரேஷன் அரிசியைத் தொடாதீர்கள் என்று வக்கீல் என்ற முறையில் எச்சரிக்கிறோம். அதை விற்பது குற்றம். தெரிந்தே வாங்குவதும் நல்லதில் முடியாது. அது மற்றொரு ஏழையின் பங்கு என்பது வேறு விஷயம்.

மிச்சத்துக்கு நமது ஸ்திரீகள் ஏற்கெனவே வழி கண்டிருக்கிறார்கள். தீபாவளிக்குப் பலகாரச் சீட்டுக் கட்டாத தெரு தமிழ்நாட்டில் உண்டா? அதையே அரிசிச் சீட்டாகச் செய்யலாம். பத்து வீடுகள், வீட்டுக்கு வாரம் 100 ரூபாய், வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை 20 வாரம். பத்து வீட்டுக்கும் சேர்ந்து 20,000 ரூபாய். இந்தத் தொகையுடன் போனால் ஆலைக்காரனும் மொத்த வியாபாரியும் உட்காரச் சொல்லிப் பேசுவார்கள். வைக்க இடம் உள்ளவர்கள் தை, மாசியிலேயே உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிடம் வாங்கினால் இன்னும் மலிவு. புது அரிசி ஐப்பசிக்குள் பழையதாகிச் சோறும் நன்றாக இருக்கும். ஓர் அறைக் குடித்தனக்காரர்கள் புரட்டாசியில் வாங்குவதே உசிதம். கொஞ்சம் விலை கூடினாலும் எலிக்கு இரையாகாது. ஏலமும் குலுக்கலும் வட்டியும் மட்டும் வேண்டாம். அவை நுழைந்தால் 1982-ம் வருஷத்துச் சீட்டு நிதிச் சட்டமும் பின்னாலேயே நுழையும். அண்டை வீட்டார் சிநேகமும் கெடும்.

கூடி வாங்குவது புது யோசனையல்ல. 1904-ல் திருவல்லிக்கேணியில் வி. எஸ். ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார் முதலியோர் நகரக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தபோது செய்தது இதுவே. படித்தவர்கள் தெருவில் இறங்கி அரிசி பருப்பைப் பற்றிப் பேசினார்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. அவர்களுக்கு வராத கூச்சம் நமக்கு ஏன்?

கார்த்திகை மாதத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சோற்றுப் பொட்டலம் விநியோகிக்கும் தொண்டர்களை நாம் வணங்குகிறோம். அவர்களில் பலர் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்கள். அவர்களைக் கேட்கிறோம்: அதே சுறுசுறுப்பை ஏன் வைகாசியில் காட்டக்கூடாது? ஒரு வார்டுக்கு ஐந்து அரிசிச் சீட்டு என்று தொடங்கினால் ஐம்பது அடுப்பு. ஐம்பது வீட்டில் இரண்டு வாரத்து அரிசி பரணில் இருந்தால், பொட்டலம் கொண்டு போகும் படகு அந்தத் தெருவை விட்டு, நடமாட முடியாத கிழவர்களும் நோயாளிகளும் இருக்கும் அடுத்த தெருவுக்குப் போகலாம்.

சர்க்காருக்கும் கடமை உண்டு. தாழ்ந்த பகுதிகளில் வசிக்கும் கார்டுக்காரர்களுக்கு மழை மாதங்களின் அரிசியைப் புரட்டாசியிலேயே கொடுத்துவிட வேண்டும். இதை அந்தந்த வருஷத்து அறிவிப்புக்கு விடாமல் நிரந்தர விதியாக்க வேண்டும். கூட்டுறவுப் பண்டகசாலைகள் தை மாதத்தில் மூட்டை அரிசிக்குப் பெயர் பதிந்துகொண்டு, விலையை மாதத் தவணையில் வசூலிக்கலாம். 25 கிலோவுக்கு உட்பட்ட அரிசி, பருப்புப் பைகளின் மேல் விதித்த வரியை எடுத்துவிடும்படி சென்னை சர்க்கார் ஜி.எஸ்.டி. கவுன்ஸிலில் வற்புறுத்த வேண்டும். 26 கிலோ வாங்குகிறவருக்கு இல்லாத வரி, ஐந்து கிலோ வாங்குகிறவருக்கு ஏன் என்பதற்கு அந்தக் கவுன்ஸில் பதில் சொல்லட்டும்.