மாம்புரிக் காற்றும் பாபாவின் கணக்கும்

மே மாதம் பிறந்தால் கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கடல் முரடாகிவிடும். கரைக்கு வெளியே நிற்கும் கப்பலிலிருந்து நிலக்கரியைத் தட்டைப் படகுகளுக்கு மாற்றி, நுரைச்சோலை இறங்குதுறைக்குக் கொண்டுவரும் வேலை நின்றுபோகும். அனல்மின் நிலையத்துக்கு ஓராண்டுக்கு வேண்டியதை ஏறத்தாழ செப்டெம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் இறக்கிக் குவித்துவிட வேண்டும். தவறினால் அடுத்த பருவம்வரை கடல் விடாது.

கப்பலைத் தடுக்கும் அதே தென்மேற்குக் காற்றுதான் பக்கத்து மாம்புரியில் காற்றாலை இறக்கைகளை விரட்டுகிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அது சுமந்துவரும் வலு எட்டு மடங்காகும். 2010இல் 10 மெகாவோட்டுடன் இங்கே தனியார் காற்றாலை வந்தது. மறு ஆண்டு மார்ச்சில் நுரைச்சோலையின் முதல் 300 மெகாவோட் இயந்திரம் ஓடத் தொடங்கியது. 2014இல் நிலையத்தின் திறன் 900 ஆனது. ஒரே கரையில் இரண்டு எரிசக்திக் கொள்கைகள், ஒன்றுக்கு எதிரியான காற்று மற்றதற்குத் தீனி.

மூன்றாவதாக அணுமின்சாரம் என்ற பேச்சும் கொழும்பில் அடிக்கடி எழுந்து அடங்குகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் இந்திய அணு விஞ்ஞானி ஹோமி பாபாவை நினைத்துக்கொள்வது நல்லது.

மும்பையில் பிறந்த பாபா கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த நாட்களில், ஓர் இலத்திரனும் அதன் எதிர்த்துகளான பொசித்திரனும் மோதினால் எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறும் என்று கணக்கிட்டார். 1936இல் அச்சான அந்தக் கணக்குக்கு இன்றும் ‘பாபா சிதறல்’ என்றே பெயர்.

1955இல், அணுசக்தியின் அமைதிப் பயன்பாடு பற்றி ஐ.நா. ஜெனீவாவில் கூட்டிய மாநாட்டுக்குப் பாபாதான் தலைவர். சூரியனில் நடக்கும் அணுக்கரு இணைவைக் கட்டுக்குள் கொண்டுவந்து ஆற்றல் எடுக்கும் வழி இருபது ஆண்டுகளுக்குள் கிடைத்துவிடும் என்று அங்கே துணிந்து சொன்னார். எழுபது ஆண்டுகள் கழிந்தும் அப்படி ஒரு மின்நிலையம் உலகில் எங்கும் இல்லை. அதே ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடத்தில் 1989 முதல் 2000 வரை ஓடிய பெரிய மோதுகருவியில், துகள் கற்றைகள் எவ்வளவு நெருக்கமாக மோதுகின்றன என்பதை அளந்ததோ பாபா சிதறலை எண்ணித்தான். கடைக்காரர் தராசைச் சரிபார்க்கப் படிக்கல் வைப்பதுபோல. ஒரே மனிதர், ஒரே நகரம். சமன்பாடு பலித்தது, ஆரூடம் பலிக்கவில்லை.

இதில் பாபாவைக் குறை சொல்ல ஏதுமில்லை. துகள்களுக்குக் கடன் வட்டி கிடையாது, ஒப்பந்தக்காரர் கிடையாது, தேர்தலும் கிடையாது. மின்திட்டத்துக்கு இவை எல்லாம் உண்டு. 1954இல் அவர் முன்வைத்த மூன்று கட்டத் திட்டம் அறிவார்ந்ததுதான்: இந்தியாவில் யுரேனியம் குறைவு, தோரியம் ஏராளம், ஆகவே முதலில் யுரேனிய உலை, அதன் கழிவிலிருந்து எடுக்கும் புளூட்டோனியத்தில் ஓடி எரிபொருளையும் பெருக்கும் ஈனுலை, கடைசியில் தோரியம். இரண்டாம் கட்டத்துக்கான 500 மெகாவோட் ஈனுலையைத் தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் 2004இல் கட்டத் தொடங்கினார்கள். உலையின் கருவகத்தை நிரப்பத் தொடங்கியதே 2024 மார்ச்சில். தோரியத்திலிருந்து கிடைக்கும் யுரேனியம்-233ஐ எரிக்கும் காமினி உலையும் அங்கே உண்டு, வெறும் 30 கிலோவோட் ஆய்வு உலை.

தோரியப் பெருமை இலங்கைக்கும் உண்டு. தோரியம் செறிந்த தோரியனைட் என்ற கனிமத்தை 1904இல் இந்தத் தீவில் கண்டறிந்தவர், பின்னாளில் கலை வரலாற்றாசிரியராகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி. புல்மோட்டை மணலிலும் தோரியம் கொண்ட மொனசைட் கலந்திருக்கிறது. மண்ணில் கிடப்பதெல்லாம் மின்விளக்கில் எரிந்துவிடாது என்பதைத்தான் கல்பாக்கம் காட்டுகிறது.

இலங்கைக்கு இன்னொரு சிக்கல், அளவு. ஒற்றை இயந்திரம் முழுக் கட்டமைப்பின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது மின்பொறியியலாளர்களின் பழைய வழக்கம். நாட்டின் உச்சத் தேவை சுமார் 3000 மெகாவோட். நுரைச்சோலையின் ஓர் இயந்திரமே அந்த எல்லையைத் தொட்டு நிற்கிறது. சந்தையில் வழக்கமாகக் கிடைக்கும் 1000 மெகாவோட் அணு உலை ஒன்று திடீரென நின்றால் தீவு முழுதும் இருளும்.

அதற்கு அணு உலைகூடத் தேவையில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு: பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததாக அமைச்சர் சொன்னார், நாடு இருண்டது. மின்தேவை குறைந்த பகலில் சூரிய மின்சாரம் நிறைந்து, அதிர்ச்சியைத் தாங்கும் கனமான சுழல் இயந்திரங்கள் குறைவாக ஓடிய நேரம் அது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோக, அடுத்த நாட்களில் மின்வெட்டு. இரண்டு மாதத்தில் சித்திரைப் புத்தாண்டு வந்தபோது, கூரைச் சூரியப் பலகைகளைப் பகலில் அணைத்து வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. காசு கொடுத்துப் பலகை வாங்கியவர்களிடம்!

ஆக, குறை என்பது மின்சாரம் பிறக்கும் இடத்தில் மட்டும் இல்லை. பகலில் மிஞ்சுவதை இரவுக்குப் பிடித்துவைக்கும் மின்கல நிலையங்கள், மேலேற்றிய நீரைத் தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் தேக்கங்கள், வலுவான கடத்திகள்: அணு உலைக்கான ஆலோசனைக் கூட்டங்களுக்கு முன்னால் பணமும் கவனமும் போக வேண்டியது இவற்றுக்கு. இவற்றைக் கட்ட எழுபது ஆண்டு வேண்டாம். மே முதல் செப்டெம்பர்வரை, நிலக்கரிக் கப்பல் வராத மாதங்களில், மாம்புரிக் காற்று இரவிலும் வீசுகிறது; அந்த மின்சாரத்தில் எவ்வளவை நாடு வாங்கித் தேக்கி வைக்கப்போகிறது என்பதற்கு மின்துறை அமைச்சு ஓர் எண்ணும் ஒரு திகதியும் சொல்லட்டும்.