பல்லியில் இல்லாத விஷம்

நமுனுகுல மலையை ஒட்டிய தோட்டங்களில் பொழுது சாய்ந்து லயத்து இஸ்தோப்பில் பல்பு எரிந்ததும் பல்லிகள் வந்துவிடும். விளக்கைச் சுற்றும் விட்டிலும் கொசுவும் ஈசலும்தான் அவற்றின் இராச்சாப்பாடு. அந்த நேரத்தில் உள்ளே சோற்றுப் பானை திறந்து கிடந்தால் பிள்ளைகளுக்குத் திட்டு விழும்: "பல்லி விழுந்தா குடும்பத்தோட சாக வேண்டியதுதான்!" பானையை மூடச் சொன்னது சரி. சொன்ன காரணம் பொய்.

பல்லிக்கு விஷம் கிடையாது. பாம்புக்கு இருப்பது போன்ற விஷப்பையும் இல்லை, விஷத்தை ஏற்றும் பல்லும் இல்லை. கடித்து மனிதருக்கு விஷம் ஏற்றக்கூடிய பல்லியினம் என்று மருத்துவம் அஞ்சுவது, அமெரிக்காவின் தென்மேற்குப் பாலையிலும் மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் வாழும் ஹீலா மான்ஸ்டரையும் அதன் நெருங்கிய உறவினங்களையும்தான். உடும்பின் உமிழ்நீரைப் பற்றி ஆய்வாளர்களிடையே வாதம் நடக்கிறது. ஆனால் சுவர்ப்பல்லியைப் பற்றி அப்படி ஒரு வாதமே இல்லை.

இதற்குப் பெரிய சாட்சி சிறுத்தைப் பல்லி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட கற்பாங்கான நிலத்தில் வாழும் இந்த இனத்தை, கல்கத்தா ஆசியச் சங்க அருங்காட்சியகத்தில் பணியாற்றிய எட்வர்ட் பிளைத் 1854இல் அறிவியலுக்கு விவரித்தார். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடின நீளம், மஞ்சள் உடம்பில் கரும்புள்ளிகள். சொந்த மண்ணில் அதற்கும் இதே பழிதான்: கடித்தால் பிழைக்க முடியாது என்று பயந்து, கண்ட இடத்தில் அடிக்கிறார்கள். அதே பல்லியை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல பத்தாண்டுகளாகச் சிறு பிள்ளைகள்கூடக் கையில் ஏந்தி வளர்க்கிறார்கள். எப்போதாவது கடியும் வாங்குகிறார்கள். தோல் லேசாகக் கீறும், கழுவினால் ஆறும்.

வளர்ப்பவர்கள் அதற்குப் படும் பாட்டைப் பார்த்தால் யாருக்கு யாரால் ஆபத்து என்பது புரியும். பெட்டியின் ஒரு பக்கத்தில் 32 பாகை செல்சியஸ் வரை சூடு இருக்க வேண்டும். இல்லையென்றால் தின்ற பூச்சி செரிக்காது. நமுனுகுலவின் மார்கழிக் குளிரில் அப்படியே விட்டால் தாங்காது. சில்வண்டு, மாவுப்புழு போன்ற உயிருள்ள பூச்சி தவிர வேறெதையும் அது பெரிதாகச் சீண்டாது. அந்தப் பூச்சிக்கும் முதலில் கீரை கொடுத்துக் கொழுக்க வைத்து, சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டித்தான் போட வேண்டும். பொடி தவறினால் எலும்பு வளையும், தாடை இளகும், நடக்க முடியாமல் இழுத்துக்கொண்டு கிடக்கும். ஒழுங்காகப் பார்த்தால் வாலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு 15 ஆண்டுக்கு மேல் வாழும்.

லயத்துப் பல்லிக்குப் பொடி போட யாரும் இல்லை. அது பூச்சியிலிருந்து கிடைக்கும் சுண்ணாம்பைத் தானே சேமிக்கிறது. முட்டையிடும் பருவத்துப் பல்லியை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள்: கழுத்தின் இரு பக்கமும் வெள்ளையாக இரண்டு புடைப்பு தெரியும். விஷப்பை என்று யாராவது காட்டினால் நம்பிவிடக்கூடிய தோற்றம். உள்ளே இருப்பது முட்டை ஓட்டுக்குத் தேவையான சுண்ணாம்பு. சாமிப் படத்துக்குப் பின்னால் இரண்டிரண்டாகக் கிடக்கும் அந்தக் கெட்டி ஓட்டு முட்டைகள் அதிலிருந்து உருவானவைதான்.

அரணையின் கதை இன்னும் மோசம். 'அரணை நக்கினால் மரணம்' என்ற சொல் கடலுக்கு இருபுறமும் தமிழர் வாயில் இருக்கிறது. நக்கிச் செத்தவரைக் காட்டுங்கள் என்றால், அரணைக்கு மறதி அதிகம், கடிக்க வந்ததையே மறந்துவிடும் என்பார்கள். யாரும் சாகாததற்கு ஒரு காரணம் வேண்டியிருந்ததால் அரணையின் தலையில் மறதியையும் கட்டிவிட்டார்கள். விஷமே இல்லை என்று ஒப்புக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை.

அப்படியானால் பள்ளிக்கூடச் சத்துணவில் பல்லி விழுந்து பிள்ளைகள் மயங்கியதாகத் தமிழ்நாட்டிலிருந்து அடிக்கடி வரும் செய்திகள்? வாந்தி உண்மைதான். பல்லியின் எச்சத்திலும் குடலிலும் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கும். சிறுத்தைப் பல்லியைத் தொட்ட பிள்ளையைக் கை கழுவச் சொல்வதும் இதனால்தான். ஆறிப்போய் நெடுநேரம் கிடந்த சோற்றில் கிருமி பெருகினால் வயிறு கெடும், பல்லி விழாவிட்டாலும் கெடும். நன்றாகக் கொதித்த குழம்பில் விழுந்ததை வைத்து ஊரே சாகும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. சாப்பிட்ட பிறகு பல்லியைக் கண்டவர்களுக்கு அருவருப்பும் பீதியுமே வாந்தியைக் கொண்டுவரும். ஒரு பிள்ளை எடுத்தால் பக்கத்துப் பிள்ளையும் எடுக்கும்.

இந்தப் பீதியில் செய்யும் வைத்தியம்தான் பயங்கரம். விஷத்தை எடுப்பதாக உப்பை அள்ளிக் கரைத்துப் பிள்ளையின் வாயில் ஊற்றுகிறார்கள். இரத்தத்தில் உப்பு ஏறினால் வலிப்பு வரும், உயிரும் போகும். பல்லி செய்யாததை உப்புத் தண்ணீர் செய்துவிடும்.

உண்மையான விஷம் மலையகத்தில் எங்கே இருக்கிறது என்பது கொழுந்து பறிக்கிறவர்களுக்குத் தெரியும். தேயிலைச் செடிக்கடியில் கூடு கட்டும் குளவி ஆட்களைக் கொன்றிருக்கிறது. சருகோடு சருகாகச் சுருண்டு கிடக்கும், மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறு விரியனின் கடிக்கு இலங்கையில் இன்றுவரை தனி மாற்று மருந்து கிடையாது. இந்தியாவிலிருந்து வரும் மருந்து அதற்குப் பலிக்காது. காம்பிராவுக்குள்ளேயே ஆபத்து இருக்கிறது: மரக்கறித் தோட்டத்துக்கு அடித்த மருந்தின் மிச்சம் சோடாப் போத்தலில், பிள்ளைக்கு எட்டும் உயரத்தில். இவற்றைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் விளக்குமாற்றோடு பல்லியைத் துரத்துவது வீண் வேலை மட்டுமல்ல, கவனத்தைத் திருப்பும் கேடு.

பல்லி சொன்னால் பலன் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களாவது அதை உயிரோடு விடுகிறார்கள். இன்னொரு பக்கம், பல்லியை மருந்தென்று நம்புவதும் அதே அறியாமைதான். எய்ட்ஸுக்கு மருந்து என்ற புரளியால் தென்கிழக்காசியாவின் டோக்கே பல்லியை மூட்டை மூட்டையாகப் பிடித்து விற்றார்கள். கடைசியில் 2019இல் ஜெனீவாவில் கூடிய அனைத்துலக வனவுயிர் வணிக மாநாடு அதன் வணிகத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது.

உணவில் பல்லி விழுந்தால் கொட்டிவிடுங்கள், கிருமிக்காக. தெரியாமல் சாப்பிட்ட பிள்ளை வாந்தி எடுத்தால் உப்புத் தண்ணீரைக் கையில் எடுக்காதீர்கள். மருந்துப் போத்தலைத் தொட்டதா, வேறென்ன தின்றது என்று பார்த்து, பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். பானையை மூடி வையுங்கள். மருந்துப் போத்தலை இன்றைக்கே பூட்டி வையுங்கள். பல்லியை அடிக்காதீர்கள்.