கொம்பில்லாத கிடா

பஹாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் என் மாமா இருக்கிறார். பால்மரம் சீவி, செம்பனைக் குலை வெட்டி, இப்போது வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக்கொட்டகை போட்டிருக்கிறார். போன தீபாவளிக்குப் போனபோது முகமே சரியில்லை.

“சானென் பெட்டைக்குட்டி ரெண்டும்மா. வயசு ஒன்றரை ஆச்சு. சினையே பிடிக்கல. யாரு கண்ணு பட்டுச்சோ!”

அந்தக் குட்டிகளை நம்பித்தான் மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கணக்குப் போட்டிருந்தார்.

“தாய்க்குக் கொம்பு இருக்கா மாமா?”

“இல்லம்மா. கிடாவும் மோழைதான். முட்டாதுன்னு தேடி வாங்கினேன்.”

வானொலி நிகழ்ச்சிக்காக ஒரு கால்நடை மருத்துவரிடம் பேசியது அப்போது நினைவுக்கு வந்தது. கொம்புக்கு ஒவ்வொரு குட்டியும் தாயிடம் ஒரு மரபணு, தகப்பனிடம் ஒரு மரபணு வாங்குகிறது. இரண்டில் ஒன்று மோழை மரபணுவாக இருந்தாலே கொம்பு முளைக்காது. ஆக, மோழை ஆட்டுக்குள் கொம்பு மரபணுவும் ஒளிந்திருக்கலாம். அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால், நாலில் ஒரு குட்டிக்கு இரண்டுமே மோழை மரபணுவாக அமைய வாய்ப்புண்டு. நாலில் ஒன்று என்பது ஒவ்வொரு பிறப்புக்கும் புதிதாக எடுக்கும் சீட்டு. மாமாவுக்கு இரண்டு முறை விழுந்துவிட்டது.

அந்தக் குட்டி கிடாவாக இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கும். பெட்டையாக இருந்தால் சூலகம் சரியாக வளராது, ஆண் சாயல் வரும், குட்டி போடாது. கொம்பில்லாமைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆஸ்டெல் என்பவர் 1944லேயே எழுதினார். ஆட்டின் மரபணுத் தொகுப்பில் சுமார் 11,700 எழுத்து நீளமுள்ள துண்டு ஒன்று காணாமல் போவதுதான் காரணம் என்று 2001இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

மாமாவின் குட்டிகளையும் மருத்துவர் பார்த்து, அதேதான் என்றார்.

தீர்வு எளிது. ஜோடியில் ஒன்றுக்காவது பிறவியிலேயே கொம்பு இருக்க வேண்டும். கொம்புள்ள கிடாவை மோழைப் பெட்டையோடு சேர்த்தால் இந்தக் குறை வராது. குட்டியிலேயே கொம்பைச் சுட்டு எடுத்த கிடாவும் கொம்புக் கிடாதான்; சூடு போட்டது வாரிசுக்குப் போகாது. அதனால் வாங்கும்போது, “பிறவி மோழையா, சுட்டதா?” என்று கேளுங்கள். ஆட்டை வளர்த்தவருக்கு அது தெரியும்.

“அப்ப கண்ணு படலையா?” என்றார் மாமா.

“இல்ல மாமா. ஜோடிதான் தப்பு.”

இப்போது கொட்டகையில் கொம்புக் கிடா நிற்கிறது. அத்தையை ஒரு முறை முட்டியும் விட்டது. “முட்டட்டும், பரவாயில்ல” என்கிறார் மாமா.