டிசம்பர் 31: தேதி தப்பக் கூடாது, தோழர்களே!

தஞ்சாவூர், 18.10.1989

மேட்டூரில் தண்ணீர் திறந்தாயிற்று என்று வானொலி சொல்லும். அதே நாளில் தலைஞாயிற்றிலும் வேதாரண்யத்திலும் வயல் வெடித்துக் கிடக்கும். வாய்க்காலில் கண்ணால் கண்ட பிறகுதான் கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் வந்த கணக்கு. இலங்கையிலிருந்து இந்தியப் படை திரும்புகிறது என்று டெல்லி சொல்வதையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

பிரதமர் ராஜீவ் காந்தி நிலை மாறியிருக்கிறார். ஜூலை 29-க்குள் படை வெளியேற வேண்டும் என்று ஜூன் 1-ல் இலங்கை அதிபர் பிரேமதாசா அறிவித்தார். ஒருதலையாகக் கெடு விதித்தால் ஏற்க முடியாது, 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தம் நிறைவேறுவதோடு சேர்த்தே தேதி முடிவாகும் என்றது டெல்லி. பிறகு அதே ஜூலை 29-ல் ஒரு சிறு பிரிவு கப்பல் ஏறியது. செப்டம்பர் 18-ல் கொழும்பில் கையெழுத்தானது: 20-ஆம் தேதி காலை முதல் தாக்குதல் நிறுத்தம், டிசம்பர் 31-க்குள் முழுப் படையும் திரும்ப எல்லா முயற்சியும் எடுக்கப்படும்.

முயற்சி! இந்தச் சொல்லை நம்மைவிட நன்றாக யார் அறிவார்? 1924 காவிரி ஒப்பந்தத்தின் ஐம்பது ஆண்டு 1974-ல் முடிந்தது. அன்று தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. நடுவர் மன்றம் கேட்டு நம் விவசாயிகள் 1983-ல் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். மன்றம் வரவில்லை. முயற்சி மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. படை விஷயத்திலும் அந்தச் சொல்லுக்குள் ஒளிய இடம் கொடுத்தால், டிசம்பர் பொங்கலாகும், பொங்கல் சித்திரையாகும். தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரத்துக்கும் பிணம் விழும்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. "அன்று ஒன்று சொன்னாரே, இன்று ஒன்று சொல்கிறாரே" என்று மேடையில் கைகொட்டிச் சிரிக்க ஆசை வரும். வேண்டாம். நாமும் மாறியவர்கள்தான். 1987 ஜூன் 4-ல் விமானத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு உணவுப் பொட்டலம் போட்டபோது மகிழ்ந்தோம். ஜூலை 29 ஒப்பந்தத்தை நம்மில் பலர் வரவேற்றோம். யாழ்ப்பாணத்து மக்களே மாலை போட்டு எதிர்கொண்ட படை அது. அக்டோபர் 10-ல் அங்கே அதே படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளாக நடந்ததைப் பார்த்தும் மாறாதவன்தான் வெட்கப்பட வேண்டும்.

என்ன நடந்தது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் திடலில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கிவிடப்பட்ட சீக்கியச் சிப்பாய்கள் முப்பது பேரில் ஒருவர்தான் பிழைத்தார். அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் படை புகுந்து சுட்டதில் மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளுமாக அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். நவம்பரில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் விழுந்தார். பரம்வீர் சக்கரம் கொடுத்தார்கள், உயிரைக் கொடுக்க முடியவில்லை. இந்த ஆகஸ்ட் 2-ல் வல்வெட்டித்துறையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் படையின் கையில் செத்தார்கள். சிப்பாயும் ஏழை வீட்டுப் பிள்ளை, செத்த மக்களும் நம் மக்கள். இரண்டு பக்கமும் ஒப்பாரி நமக்குப் புரிகிற ஒப்பாரிதான்.

படை திரும்பி வந்துவிட்டால் அங்கே தமிழர்களை யார் காப்பது என்று நேற்றுக்கூட ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. பிரேமதாசா தமிழர்மேல் பரிவு கொண்டு கெடு வைக்கவில்லை. படை போன மறுநாளே அங்கே அமைதி வரும் என்று நான் வாக்குக் கொடுக்கவும் மாட்டேன். ஆனால் வல்வெட்டித்துறையில் யார் யாரைக் காத்தார்கள்? இப்போது படையின் துணையோடு அங்கே பள்ளிக்கூடப் பையன்களைப் பிடித்து "தமிழ்த் தேசிய ராணுவம்" என்று துப்பாக்கி மாட்டிவிடுவது என்ன காவல்?

தேதி சொன்னால் நடத்த முடியும். ஆப்கானிஸ்தானை விட்டுப் போகிறோம் என்று சென்ற ஆண்டு ஏப்ரலில் ஜெனிவாவில் ஒப்புக்கொண்ட சோவியத் நாடு, இந்தப் பிப்ரவரி 15-ல் கடைசிப் படையையும் பாலம் தாண்ட வைத்தது. சென்ற மாதம் வியட்நாம் கம்போடியாவிலிருந்து படையை மீட்டுக்கொண்டது. அமெரிக்காவின் நிக்ஸனோ சமாதானம் பேசி 1968 தேர்தலில் வென்று, வியட்நாம் போரை 1973 ஜனவரி வரை இழுத்தடித்தார். அந்த இடைவெளியில் செத்த அமெரிக்கர் மட்டும் இருபதாயிரத்துக்கு மேல். வியட்நாமியர் எத்தனை லட்சம்!

ஆகவே, தோழர்களே, வருகிற சனிக்கிழமை 21-ஆம் தேதி, மருத்துவமனைப் படுகொலையின் இரண்டாம் ஆண்டு நாளில், காலை பத்து மணிக்குத் தஞ்சை திலகர் திடலில் கூடுவோம். அங்கிருந்து தலைமை அஞ்சலகம் வரை ஊர்வலம். ஊருக்கு ஒரு தந்தி, பிரதமர் பெயருக்கு. வாசகம் இவ்வளவுதான்: "டிசம்பர் 31. முயற்சி வேண்டாம், முடித்துக் காட்டுங்கள்." ஓட்டுக் கேட்டு வருகிற எந்தக் கட்சி வேட்பாளரிடமும் அதே தேதியைச் சொல்லி, எழுதி வாங்குங்கள்.

தாளடி நடவு மும்முரம், ஒரு நாள் கூலி போகும் என்பது தெரியும். நடவுக்காரப் பெண்கள் வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். படையில் பிள்ளை இருக்கும் வீட்டார் முன்வரிசையில் வரட்டும். அவர்கள் கையில் பிள்ளையின் படம் இருக்கட்டும். கொரடாச்சேரி, நீடாமங்கலம் தோழர்கள் காலை ரயிலைப் பிடியுங்கள். மழை வந்தால் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு வாருங்கள், ஊர்வலம் நிற்காது.